வீடு மாறும்போது தொலைபேசியின் முகவரியையும் மாற்றுங்கள்

கனடாவுக்கு வந்த புதிதில், ஊருக்கு மலிவாகப் பேசலாம் என்று பலரும் இணையவழித் தொலைபேசி எடுக்கிறார்கள். மலிவு உண்மைதான். ஆனால் பொலிஸ், தீயணைப்பு, அம்புலன்ஸ் மூன்றுக்கும் பொதுவான 911ஐ அதிலிருந்து அழைத்தால் என்ன நடக்கும் என்பதை, இணைப்பு எடுக்கும் நாளிலேயே அறிந்திருக்க வேண்டும்.

பழைய கம்பித் தொலைபேசியில் எண் ஒரு வீட்டோடு கட்டுண்டது. அழைப்பவர் வாய் திறக்காவிட்டாலும் முகவரி 911 நிலையத்தின் திரையில் தெரியும். இணையவழித் தொலைபேசிக்காகத் தரப்படும், எந்த வீட்டு இணையத்திலும் செருகிப் பேசக்கூடிய சிறு பெட்டிக்கு அந்த வசதி இல்லை. அழைப்பு முதலில் இடைநிலையம் ஒன்றுக்குப் போகிறது. அங்கிருப்பவர் நீங்கள் இருக்கும் இடத்தைக் கேட்டறிந்த பின்பே உங்கள் நகரின் 911க்கு மாற்றிவிடுகிறார். பேச முடியாமல் போனாலோ தொடர்பு அறுந்தாலோ, அவர் கையில் எஞ்சுவது நீங்கள் தொலைபேசி நிறுவனத்தில் பதிந்த முகவரி மட்டுமே. 2008இல் கல்கரியில் ஒரு குழந்தைக்காக இப்படி அழைத்தபோது, அம்புலன்ஸ் பல ஆயிரம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள மிசிசாகாவில், பதிவிலிருந்த பழைய முகவரிக்கு அனுப்பப்பட்டது. குழந்தை உயிர் பிழைக்கவில்லை.

ஆகவே வீடு மாறும் நாளிலேயே நிறுவனத்துக்கு அறிவித்து, மாற்றம் பதிவானதை உறுதிசெய்யுங்கள். சோதித்துப் பார்ப்பதற்காக 911ஐ அழைக்க வேண்டாம். நம்மவர்கள் பெரும்பாலும் முதலில் குடியேறுவது பேஸ்மென்டில் என்பதால், அழைக்கும்போது வீட்டு இலக்கத்தோடு "பேஸ்மென்ட், பக்கக் கதவு" என்றும் சொல்லுங்கள். இல்லையென்றால் வருபவர்கள் மேல்வீட்டு முன்கதவைத் தட்டிக்கொண்டு நிற்பார்கள். எங்கள் வீட்டில் முகவரியின் ஆங்கில உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதித் தொலைபேசிக்கு மேலே ஒட்டியிருக்கிறோம். தனியே இருக்கும் அம்மா அதைப் பார்த்து வாசித்தாலே போதும். ரொறன்ரோவில் "டமில்" என்று ஒரு சொல் சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். பதற்றத்தில் இணைப்பைத் துண்டித்துவிடக் கூடாது.

மின்சாரம் நின்றால் மொடெமும் நிற்கும், தொலைபேசியும் நிற்கும். 2013 டிசம்பரில் பெய்த உறைமழைக்குப் பின் ரொறன்ரோவில் பல வீடுகள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. அதனால் கைப்பேசி ஒன்றை எப்போதும் சார்ஜில் வைத்திருங்கள். கட்டணத் திட்டம் இல்லாத பழைய கைப்பேசியிலிருந்தும் 911ஐ அழைக்கலாம். ஆனால் அப்படி அழைத்துத் தொடர்பு அறுந்தால் அவர்களால் உங்களைத் திரும்ப அழைக்க முடியாது என்பதால், முகவரியை முதலில் சொல்லுங்கள்.