ரீஸ்டார்ட் கொடுப்பதற்கு முன்: சர்வர் சேவைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போடிநாயக்கனூரில் ஏலக்காய்க் கடைகளின் கணக்கு மென்பொருள் ஓடும் லினக்ஸ் சர்வரைப் பார்த்துக்கொள்பவன் என்ற முறையில், மலைக்கு மேலே வண்டன்மேட்டிலிருந்து "பில் ஏறவில்லை" என்று அழைப்பு வந்ததும் கை முதலில் ரீஸ்டார்ட் கட்டளைக்குப் போவதை நான் நன்கு அறிவேன். அதுவே முதல் தவறு. உறைந்து நிற்கும் சேவையை (சர்வரில் பின்னணியில் ஓடும் நிரலை) மறுதொடக்கம் செய்த நொடியில், அது எந்த இணைப்புக்காகக் காத்திருந்தது, எவ்வளவு நினைவகத்தைப் பிடித்திருந்தது என்ற தடயங்கள் அழிந்துவிடுகின்றன; அதே கோளாறு மறுநாள் ஏல நேரத்தில் திரும்பி வரும்போது நம்மிடம் ஒரு துப்பும் இருக்காது. ஆகவே இரண்டு நிமிடம் பொறுத்து, ஜர்னல்சிடிஎல் மூலம் அந்தச் சேவையின் பதிவுகளை மட்டும் பிரித்துப் படித்து, டிஎஃப் கட்டளையால் வட்டில் இடம் மீதி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வட்டு நிரம்பியிருந்தால் தரவுதளத்தை எத்தனை முறை எழுப்பினாலும் பயனில்லை.

சேவையின் நிலையைக் கேட்கும் 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்' கட்டளை காட்டும் 'ஆக்டிவ், ரன்னிங்' என்ற பச்சை எழுத்தை நம்பி முடிவெடுப்பது இரண்டாவது தவறு. அந்த எழுத்து, செயல்முறை உயிரோடு இருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது; அது வாடிக்கையாளருக்குப் பதில் தருகிறதா என்பதைச் சொல்வதில்லை. எஸ்எஸ் கட்டளையால் சேவையின் போர்ட் (இணைப்புகளை ஏற்கும் எண்ணிட்ட வாசல்) திறந்திருக்கிறதா என்று பார்த்து, கர்ல் கட்டளை கொண்டு ஒரு கோரிக்கையை அனுப்பிப் பதிலைக் கண்ணால் கண்ட பிறகே "சரியாகிவிட்டது" என்று மலைக்கு மேலே சொல்லி அனுப்பலாம்.

இணையத் தளங்களை வழங்கும் மென்பொருளான என்ஜின்எக்ஸின் அமைப்புக் கோப்பைத் திருத்தியவுடன் ரீஸ்டார்ட் கொடுப்பவர்கள், ஓர் அரைப்புள்ளி விடுபட்டிருந்தால் ஓடிக்கொண்டிருந்த தளத்தையும் இழக்கிறார்கள், ஏனெனில் பழையது நின்ற பிறகுதான் புதியது தொடங்க முயல்கிறது. முதலில் 'என்ஜின்எக்ஸ் -டி' மூலம் கோப்பைச் சோதித்து, பிறகு, சேவையை நிறுத்தாமல் அமைப்பை மட்டும் மீண்டும் படிக்க வைக்கும் ரீலோட் கொடுப்பதே முறை. பிழை இருந்தாலும் ரீலோட் பழைய அமைப்பையே தொடர்ந்து ஓடவிடும். ஒரு சேவையை எப்படித் தொடங்குவது என்று சொல்லும் யூனிட் கோப்பைத் திருத்தியிருந்தால், அதை மீண்டும் படிக்க வைக்கும் டீமன்-ரீலோட் தனியாகத் தேவை என்பதைப் பலர் மறக்கிறார்கள், நானும் மறந்ததுண்டு.

பதற்றத்தில் திரும்பத் திரும்பத் தட்டுவதும் கூடாது. இயல்பான அமைப்பில் 10 நொடிக்குள் 5 முறைக்கு மேல் தொடங்க முயன்றால், லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி அந்தச் சேவையைத் தொடங்க மறுத்துவிடும். அந்தத் தோல்விக் கணக்கை அழிக்கும் ரீசெட்-ஃபெயில்டு கொடுத்துத்தான் உடனே மீட்க முடியும். சேவை நிற்க மறுத்தாலும், இயல்பாக 90 நொடி காத்திருந்து சிஸ்டம்டியே அதை நிறுத்திவிடும் என்பதால், தரவுதளத்தின் மீது, செயல்முறையை வலுக்கட்டாயமாகக் கொல்லும் 'கில் -9' ஏவ அவசரம் வேண்டாம்.

ஸ்டார்ட் கொடுத்துவிட்டு, சர்வர் எழும்போதெல்லாம் சேவையும் தானாக எழச் செய்யும் எனேபிள் கொடுக்காமல் விட்ட தவறு, மழைக்காலத்தில் மின்சாரம் போய் யூபிஎஸ்ஸும் இறங்கி, சர்வர் தானாக எழுந்த பின் சேவை எழாமல் கிடக்கும்போதுதான் வெளியே தெரியும். இஸ்-எனேபிள்டு என்று கேட்டு 'டிஸேபிள்டு' என்ற பதில் வந்தால் அப்போதே எனேபிள் கொடுத்துவிட வேண்டும்.