ஜெனான் பல்பு மாற்றுகிறவர்கள் கோட்டை விடுவது மூடியில்தான்

போன வாரம் தெரிந்த தம்பி ஒருவன் தன் காரின் ஜெனான் ஹெட்லைட் பல்பை (இழை இல்லாமல், வாயுவுக்குள் மின்வில் எரிந்து ஒளி தரும் ரகம்) என் கண் முன்னாலேயே மாற்றினான். கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, துடைக்க ஆல்கஹால் என்று எல்லாம் தயார். பல்பை அவன் பிடித்த விதத்தைப் பார்த்தால் பிறந்த குழந்தையைக்கூட யாரும் அவ்வளவு பதமாகத் தூக்க மாட்டார்கள். அதெல்லாம் சரி, கடைசியில் ஹெட்லைட்டின் பின்மூடியை ஒரே தட்டில் அடைத்துவிட்டு "முடிஞ்சதுண்ணே" என்றான். நான் கையை உள்ளே விட்டுத் தடவினேன். மூடியின் அடிப்பக்கத்தில் ரப்பர் வளையம் நாக்கை நீட்டிக்கொண்டு வெளியே வந்திருந்தது. பல வருடங்களுக்கு முன் நான் செய்த அதே தப்பு, அச்சு அசலாக. எனக்கு அது எவ்வளவு செலவு வைத்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பல்பின் கண்ணாடியை வெறும் கையால் தொடக்கூடாது, சூடாக இருக்கும்போது கழற்றக்கூடாது என்பதெல்லாம் பல்பு வரும் அட்டையிலேயே படம் போட்டு வந்துவிடுகிறது. அதை விட்டுவிடுகிறேன்.

பல்புதான் போயிற்று என்று முடிவு கட்டுவது

விளக்கு எரியவில்லை என்றதும் பல்பு வாங்க ஓடுகிறார்கள். ஜெனான் விளக்கில் பல்பு தனி ஆள் கிடையாது. பற்றவைக்க 20,000 வோல்ட்டுக்கு மேல் ஒரு துடிப்பு கொடுக்க இக்னைட்டர், பற்றிய பிறகு மின்சாரத்தை அளவாகக் கொடுக்க பேலஸ்ட், நடுவில் வயர், கனெக்டர் என்று ஒரு கூட்டமே இருக்கிறது. எரிந்துகொண்டிருக்கும்போது நிறம் இளஞ்சிவப்பாக மாறுவது, ஓடும்போது திடீரென அணைந்து, ஸ்விட்சை அணைத்துப் போட்டால் மறுபடி எரிவது, இதெல்லாம் பெரும்பாலும் கிழட்டுப் பல்பின் குணம். சந்தேகமாக இருந்தால், இரண்டு பல்பையும் இடம் வலமாக மாற்றிப் போட்டுப் பாருங்கள். கோளாறு பல்போடு சேர்ந்து அந்தப் பக்கம் போனால் பல்பு. பழைய பக்கத்திலேயே நின்றால் பேலஸ்டையோ வயரையோ பாருங்கள்.

எண்ணைப் பார்க்காமல் வாங்குவது

டி1எஸ், டி3எஸ் என்பவை பல்பு வகைகளின் எண்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், இரண்டுமே 35 வாட், இரண்டுக்கும் அடியில் இக்னைட்டர் பெட்டி ஒட்டியே இருக்கும். ஆனால் டி1எஸ் சுமார் 85 வோல்ட்டில் எரிவது, டி3எஸ் சுமார் 42 வோல்ட்டில் எரிவது. பாதரசம் முன்னதில் உண்டு, பின்னதில் கிடையாது. டி2எஸ், டி4எஸ் ஜோடிக்கும் இதே கணக்குதான், அவற்றுக்கு இக்னைட்டர் தனியாக இருக்கும் என்பது மட்டும் வித்தியாசம். மாற்றிப் போடக்கூடாது என்பதற்காகவே அடிப்பாகத்தின் விளிம்பை வேறு வேறு மாதிரி செய்திருக்கிறார்கள். அந்த விளிம்பை அரத்தால் தேய்த்து உள்ளே நுழைத்த ஒருவரை எனக்குத் தெரியும். நுழைந்தது. நிலையாக எரியவில்லை. கடைசி எழுத்தையும் பாருங்கள்: எஸ் என்றால் புரொஜெக்டருக்கு (லென்ஸ் வழியாக ஒளி வீசும் ஹெட்லைட்), ஆர் என்றால் ரிஃப்ளெக்டருக்கு (பளபளக்கும் கிண்ணத்தில் பட்டு ஒளி திரும்பும் ஹெட்லைட்). ஆர் வகைக் கண்ணாடியில் கறுப்புப் பூச்சு இருக்கும், அது அழுக்கு இல்லை, துடைக்க முயற்சி செய்யாதீர்கள்.

ஸ்விட்ச் அணைந்திருக்கிறது என்று நம்புவது

சாவி சட்டைப் பையில், ஸ்விட்ச் 'ஆட்டோ' (தானாக எரியும்) நிலையில், கை ஹெட்லைட்டுக்குள். கதவைத் திறந்தாலே வரவேற்பு விளக்கு போடும் கார்களில் இது எங்கே போய் முடியும் என்று யோசியுங்கள். எனக்கு ஒருமுறை, கனெக்டரைக் கழற்றப் போகும் நேரத்தில், வீட்டுக்குள்ளிருந்து யாரோ ரிமோட்டை அழுத்த, எதிர்ப்பக்க விளக்கு பளிச்சென்று பற்றிக்கொண்டது. கை இந்தப் பக்கம் இன்னும் இரண்டு விரற்கடை உள்ளே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றுவரை நினைத்துப் பார்க்க விருப்பமில்லை. ஸ்விட்சை அணையுங்கள், பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள், பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். பல்பும் ஆறும், பேலஸ்டில் தேங்கிய மின்சாரமும் இறங்கும்.

மூடி

இதுதான் நான் சொல்ல வந்தது.

பின்மூடியை மாட்டுவது அநேகமாகக் கண்ணுக்குத் தெரியாத வேலை. ஒரு பக்கம் பேட்டரி, இன்னொரு பக்கம் ஏர் ஃபில்டர் பெட்டி, நடுவில் ஒரு கை நுழையும் சந்து. மேல்பக்கத்துக் கொக்கி 'டிக்' என்று விழும், அந்தச் சத்தத்தை நம்பிக் கையை எடுத்துவிடுவோம், கீழ்ப்பக்கத்துக் கொக்கி விழவே விழுந்திருக்காது. அல்லது கொக்கி எல்லாம் விழுந்திருக்கும், ஆனால் ரப்பர் வளையம் பள்ளத்திலிருந்து புரண்டிருக்கும். இல்லாவிட்டால் ஒரு வயர் மூடிக்கும் விளிம்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கும். மூன்றில் எதுவானாலும் விளக்கு அன்றைக்கு ஜம்மென்று எரியும். அதனால்தான் எனக்கு இந்தத் தப்பின்மேல் இத்தனை கோபம். கண்ணாடியைத் தொட்டால் பல்பு சீக்கிரம் போகும், அவ்வளவுதான், இன்னொன்று வாங்கலாம். இதுவோ மாதக்கணக்கில் சத்தமே இல்லாமல் வேலை செய்யும்.

என் கதையைக் கேளுங்கள். இருட்டுகிற நேரம், அவசரம், மூடியை அழுத்தினேன், டிக் என்றது, பானெட்டை மூடினேன். மழை தொடங்கி சில வாரம் கழித்து ஹெட்லைட்டின் உள்பக்கம் லேசாகப் பனி பிடித்தது. எல்லா வண்டியிலும் வருவதுதானே என்று விட்டேன். பிறகு பனி துளியானது, துளி கீழே தேங்கியது. பல வண்டிகளில் பேலஸ்ட் ஹெட்லைட்டின் அடிவயிற்றில்தான் திருகப்பட்டிருக்கும், என் வண்டியிலும் அப்படித்தான். தேங்கிய நீர் நேராக அங்கேதான் போனது. ஒரு நாள் இரவு அந்தப் பக்கம் அணைந்தது. பல்பு என்று நினைத்து (மேலே முதல் தலைப்பைப் பாருங்கள், அந்த ஆளும் நானேதான்) இன்னொரு பல்பு வாங்கினேன். எரியவில்லை. பம்பரை இறக்கி, ஹெட்லைட்டை வெளியே எடுத்து, பேலஸ்டைக் கழற்றினால் கனெக்டர் முழுக்கப் பச்சை பூத்திருந்தது. உள்ளே பளபளப்புப் பூச்சும் மங்கி, புரொஜெக்டரின் லென்ஸ் பால் ஊற்றியது மாதிரி ஆகிவிட்டது. பேலஸ்டோடு நிற்கவில்லை, முழு ஹெட்லைட்டையும் மாற்ற வேண்டியதாயிற்று. ஒரு ரப்பர் வளையத்துக்காக.

ஆகவே, மூடியைத் திறக்கும் முன் ஒரு படம் எடுத்து வையுங்கள், எந்தப் பக்கம் மேலே என்பது பிறகு மறந்துவிடும். வளையம் தட்டையாகி இறுகியிருந்தால் தயங்காமல் புதிது போடுங்கள். பள்ளத்திலிருக்கும் மண்ணைத் துணியால் துடையுங்கள். வளையத்தை முதலில் சுற்றிலும் அழுத்தி உட்காரவைத்து, வயர்களை உள்ளே தள்ளிவிட்டு, பிறகு மூடியை நேராக அழுத்துங்கள், சாய்த்து அழுத்தினால்தான் வளையம் புரளும். மாட்டிய பின் விரலால் ஒரு முழுச் சுற்று தடவுங்கள். விரல் போகாத அடிப்பக்கத்துக்கு மொபைலை உள்ளே விட்டு வீடியோ எடுத்துப் பாருங்கள். ஒரு முறை வண்டியைக் கழுவிய பின், மறுநாள் காலையில் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். லேசான பனி பிடித்து, விளக்கைப் போட்டு ஓட்டினால் மறைந்தால் பரவாயில்லை, ஹெட்லைட்டில் இருக்கும் காற்றுத் துவாரம் வழியாக வருவது அது. துளி நின்றாலோ தேங்கினாலோ, அன்றைக்கே மூடியைத் திறந்து பாருங்கள்.

இதைச் சொன்னதும் அடுத்த புத்திசாலித்தனம் ஒன்று வரும்: மூடியைச் சுற்றி சிலிகோன் பசை அப்பிவிடலாமே என்று. வேண்டாம். அப்புகிற கை காற்றுத் துவாரத்தையும் சேர்த்து அடைக்கும், உள்ளே போன ஈரம் வெளியே வர வழி இருக்காது. வினிகர் வாசம் அடிக்கும் ரகமாக இருந்தால் அதிலிருந்து வரும் அமிலம் உலோகத்தை அரிக்கும். வளையம் வறண்டிருந்தால் சிலிகோன் கிரீஸ் ஒரு துளி போதும்; பெட்ரோலிய கிரீஸ் சில ரப்பர்களை ஊதவைத்துவிடும்.

ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது

ஒரு கண் வெள்ளை, ஒரு கண் மங்கல். ஜோடியாக வாங்குங்கள்.

நீலமாக இருந்தால் வெளிச்சம் அதிகம் என்பது

இல்லை. 4300 கெல்வின்தான் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு, எண் கூடினால் நீலம் கூடும்) சாலையைக் காட்டும், 6000-க்கு மேல் போனால் எதிரே வருபவருக்கு உங்களைக் காட்டும்.

ஹாலஜன் பல்புக்கான ஹெட்லைட் கூட்டில் ஜெனான் பல்பு

கூடவே கூடாது.

உடைந்த பல்பைக் கையால் பொறுக்குவது

உள்ளே வாயு அழுத்தத்தில் இருக்கிறது, அதனால்தான் கண்ணுக்குக் கண்ணாடி. மூடிய இடத்தில் டி1 அல்லது டி2 உடைந்தால் கதவைத் திறந்துவைத்து கொஞ்ச நேரம் வெளியே போய்விடுங்கள், பாதரசம் இருக்கிறது. துண்டுகளைக் கெட்டி அட்டையால் வாரி மூடிய டப்பாவில் போடுங்கள், வாக்குவம் கிளீனர் வேண்டாம். முழுசாகக் கழற்றிய பழைய பல்பையும் வீட்டுக் குப்பையில் போடாமல் மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். அந்தத் தம்பி தன்னுடையதைக் குப்பைக்கூடைக்கு எடுத்துப் போனபோதுதான் நிறுத்தி, பெட்டியில் போடச் சொல்லிவிட்டு, மூடியை மறுபடி கழற்றவைத்தேன். இரண்டாவது தடவை மாட்ட அவனுக்குப் பதினைந்து நிமிடம் ஆயிற்று.