டேனரியோடு ஆராய்ச்சி ஒப்பந்தம் போடுவது எப்படி? வேலூர் வட்டாரப் பல்கலைக்கழகத் துறைகளுக்கு

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்து டேனரி (தோல் பதனிடும் ஆலை) ஒன்று செலவை ஏற்று ஆராய்ச்சி செய்துதரக் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொகை பேசுமுன் பணி விவரத்தை எழுதிவிடுங்கள். பின்னால் வரும் தகராறுகளில் பல அங்கேதான் முளைக்கின்றன. அதற்கும் முன்னால் இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் ஒரு பக்க ரகசியக் காப்பு ஒப்பந்தம் வேண்டும். அது இல்லாமல் எந்த டேனரியும் தோல் பதனிடும் தன் சுழல் பீப்பாயில், அதாவது டிரம்மில், என்ன போடுகிறது என்று சொல்லாது.

பணி விவரம்

"குரோம் கழிவுநீரைச் சுத்தமாக்கும் முறை கண்டறிதல்" என்று ஒற்றை வரியில் எழுதினால் வம்புதான். கழிவுக் குரோமை (தோல் பதனிட்டு மிஞ்சும் குரோமிய உப்பை) மக்னீசியம் ஆக்சைடு போட்டு வீழ்படிவாக்கி, கந்தக அமிலத்தில் கரைத்து மறுபடி பதனிட எடுப்பது ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும் முறை. அதற்கு மேல் என்ன புதிதாகச் செய்யப்போகிறீர்கள் என்பது எழுத்தில் வர வேண்டும். ஆட்டுத்தோல் ஓடிய டிரம்மா, மாட்டுத்தோல் ஓடியதா? ஒரு மாதிரிக்கு எத்தனை லிட்டர், மொத்தம் எத்தனை மாதிரி, யார் வண்டியில் வரும், எந்த முறையில் சோதிப்பது? எல்லாம் தனித்தனி வரியாக.

கம்பெனிக்காரர் "குரோமியம் குறையணும்" என்று சொன்னால் எதைச் சொல்கிறார் என்று கேளுங்கள். வெளியேற்றும் நீரில் மொத்தக் குரோமியத்துக்கு வரம்பு லிட்டருக்கு 2 மில்லிகிராம். ஐரோப்பாவுக்குப் போகும், உடம்பில் படும் தோல் பொருளில் குரோமியம் ஆறு என்ற நச்சு வடிவத்துக்கு வரம்பு கிலோவுக்கு 3 மில்லிகிராம். முன்னது தண்ணீர் சோதனை, பின்னது தோல் சோதனை. கருவியும் செலவும் வேறு வேறு.

"2 மில்லிகிராமுக்குக் கீழே கொண்டுவருவோம்" என்று பல்கலைக்கழகம் கையெழுத்துப் போடக் கூடாது. "அந்த அளவை இலக்காக வைத்து இன்னின்ன சோதனைகளைச் செய்து அறிக்கை தருவோம்" என்று போடலாம். உறுதி தந்துவிட்டு அந்த அளவை எட்டாவிட்டால் கடைசித் தவணை நின்றுவிடும் என்பதே காரணம். சோதனை முடிந்து மிஞ்சும் குரோம் கசடை டேனரியே திரும்ப எடுத்துக்கொள்ளும் என்ற வரியையும் சேருங்கள். அது அபாயக் கழிவு. விட்டுவிட்டால் கேன் கேனாகத் துறைக் கொட்டகையில் கிடக்கும்.

பணம்

ஓராண்டுக்கு ஒரு மாதிரிக் கணக்கு: ஆராய்ச்சி உதவியாளருக்கு மாதம் 37,000 வீதம் 4,44,000 ரூபாய் (வீட்டு வாடகைப் படி தனி), ரசாயனம் 2,50,000, வெளிச் சோதனை 1,50,000, பயணம் 60,000. ஆக 9,04,000. ஓவர்ஹெட் (பல்கலைக்கழகம் எடுத்துக்கொள்ளும் நிர்வாகச் செலவு) 20 சதவீதம் என்றால் 1,80,800 கூடி 10,84,800. விகிதம் உங்கள் பல்கலைக்கழக விதிப்படி.

ஜிஎஸ்டியை மறந்தால் அது உங்கள் பட்ஜெட்டிலிருந்தே போகும். 18 சதவீதம் என்றால் 1,95,264 ரூபாய். 2024 அக்டோபர் 10 முதல், வருமான வரிச் சட்டப்படி ஆராய்ச்சிக்காக அறிவிக்கப்பட்ட பல்கலைக்கழகங்கள் மானியமாகப் பெறும் ஆராய்ச்சித் தொகைக்கு விலக்கு உண்டு. உங்கள் நிறுவனம் அந்த அறிவிப்பில் இருக்கிறதா, வருவது மானியமா சேவைக் கட்டணமா என்று நிதி அலுவலரிடம் எழுத்தில் வாங்குங்கள். எப்படியானாலும் "வரி இருந்தால் தொகைக்கு மேல் தனி" என்ற சொற்கள் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

காப்புரிமையும் வெளியீடும்

வாதம் சூடாவது இங்கேதான். இரு தரப்பும் முன்பே வைத்திருந்த அறிவு அவரவருக்கே என்று பட்டியல் போட்டுப் பிரித்துவிடுங்கள். புதிதாகப் பிறப்பதைச் "சரிபாதி கூட்டு உரிமை" என்று எழுதினால் நியாயமாகத் தெரியும். ஆனால் காப்புரிமைச் சட்டம் 1970இன் 50ஆம் பிரிவுப்படி, வேறு உடன்பாடு இல்லாதபோது, கூட்டு உரிமையாளர் ஒவ்வொருவரும் மற்றவருக்குக் கணக்குக் காட்டாமலே தாமே பயன்படுத்திக்கொள்ளலாம். வெளியாருக்கு உரிமம் கொடுக்கவோ தன் பங்கை மாற்றித்தரவோ மற்றவர் சம்மதம் தேவை. டேனரிக்குத் தொழிற்சாலை உண்டு, உங்களுக்கு இல்லை. ஆகவே அந்தப் பாதியால் பல்கலைக்கழகத்துக்கு வரும்படி ஒன்றும் இராது. உரிமை பல்கலைக்கழகத்திடம், தோல் துறைக்கு மட்டும் முதல் உரிம வாய்ப்பு டேனரிக்கு, அறிக்கை கிடைத்த ஆறு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று கேளுங்கள்.

கட்டுரையை அனுப்புமுன் கம்பெனி பார்க்க 30 நாள், காப்புரிமைக்கு விண்ணப்பிக்க இன்னும் 60 நாள். அதற்கு மேல் தடுக்கும் அதிகாரம் தராதீர்கள். மாணவரின் முனைவர் பட்ட ஆய்வேடு, ஆய்வேடுகளைப் பொதுவில் வைக்கும் சோத்கங்கா தளத்தில் ஏற வேண்டியது. "கம்பெனி அனுமதி இன்றி எதுவும் வெளியிடக் கூடாது" என்று ஒரு வரி இருந்தால் அந்தப் பட்டமே சிக்கிக்கொள்ளும். மறுபக்கம், கருத்தரங்குச் சுருக்கம் அச்சானாலே காப்புரிமைக்குத் தேவையான புதுமை போய்விடலாம். அதனால் தற்காலிக விவரக்குறிப்பை முதலில் காப்புரிமை அலுவலகத்தில் தாக்கல் செய்யுங்கள். முழு விவரக்குறிப்புக்கு 12 மாதம் இருக்கிறது.

கையெழுத்து

பேராசிரியர் கையெழுத்து பல்கலைக்கழகத்தைக் கட்டுப்படுத்தாது. பதிவாளரோ அதிகாரம் பெற்றவரோ போட வேண்டும்; ஆட்சிக்குழு ஒப்புதல் தேவையானால் கூட்டத் தேதியைப் பார்த்துத் திட்டமிடுங்கள். இங்குள்ள டேனரிகளில் பல கூட்டாண்மை நிறுவனங்கள். கூட்டாண்மைப் பத்திர நகலை வாங்கி, கையெழுத்திடுபவருக்கு அதிகாரம் உண்டா என்று பாருங்கள். வழக்கு வேலூரிலா சென்னையிலா என்று மாதக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டாம், விட்டுக்கொடுத்துவிடலாம்.

இடையில் நிறுத்தினால் 60 நாள் அறிவிப்பும் அதுவரையிலான உதவியாளர் சம்பளமும் உண்டு என்பதை எழுதுங்கள். முதல் தவணை வங்கியில் ஏறிய பிறகே அவருக்கு நியமன ஆணை கொடுங்கள்.