நெல்லை வெயிலுக்கு ஒரு பழைய ஃபியட்: பார்த்து வாங்குவதும் தேற்றி எடுப்பதும்

இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் மனசு ஆல்ஃபா ரோமியோ, லான்சியா என்று ஓடும். ஆனால் பாளையங்கோட்டையில் வைத்து ஓட்டுகிற வண்டிக்கு வாட்டர் பம்ப் சீல் போனால் மறுநாளே மாற்ற முடிய வேண்டும். அப்படிப் பார்த்தால் நமக்குக் கைக்கெட்டுவது ஒன்றுதான்: பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தயாரித்த ஃபியட் 1100, பிற்காலத்தில் பத்மினி. இதை டாக்சி வண்டி என்று ஒதுக்குகிறவர்கள் அதன் எஞ்சினை அறியாதவர்கள். 68 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்), 75 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்), 1089 சி.சி. கொண்ட இதே ஃபியட் 1100 எஞ்சினைத் தேற்றித்தான் இத்தாலியில் சிசிட்டாலியா 202 என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். பினின்ஃபரினா வடித்த அந்தக் காரின் 1946 மாடல் ஒன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் பக்கத்தில் சோழவரம் பந்தயங்களிலும் ஃபியட் ஓடியிருக்கிறது.

எந்த மாடல் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். முன்கதவு பின்பக்கமாகத் திறக்கும் 1950-களின் 1100 பார்க்க அழகு. ஆனால் அதன் கிரில், பீடிங், விளக்கு வளையம் தேடியே வருஷம் போய்விடும். 1964-க்குப் பிந்தைய டிலைட் நல்ல நடுவழி. நிறைய ஓட்ட நினைப்பவர்களுக்கு 1974 முதல் வந்த பத்மினியே சரி. மும்பையில் கறுப்பு மஞ்சள் பத்மினி டாக்சிகள் 2023 அக்டோபரோடு முடிந்துவிட்டன. இருந்தாலும் அத்தனை ஆண்டுகள் டாக்சியாக ஓடிய வண்டி என்பதால் ரப்பர் கிட், புஷ், வீல் சிலிண்டர், கிளட்ச் பிளேட் என ஓட்டத்துக்கு வேண்டியவற்றைச் சென்னை புதுப்பேட்டை வழியாக வரவழைத்துக்கொள்ளலாம். டீசல் 137 டி வேண்டாம். முன்பக்கம் கனம், நாம் தேடுகிற துள்ளல் அதில் இல்லை.

இரும்பைப் பாருங்கள், பெயிண்டைப் பார்க்காதீர்கள்

இந்த வண்டிக்குத் தனி சேஸி கிடையாது. அடித்தகடும் ரன்னிங் போர்டுக்குள் இருக்கும் பெட்டிப் பகுதியும்தான் வண்டியைத் தாங்குகின்றன. அவை உளுத்துப்போனால் கதவு தொங்கும், ஜாக்கி வைத்தால் தகடு நசுங்கும். எஞ்சினை எந்த லேத்திலும் போர் செய்துகொள்ளலாம். உளுத்த பாடியைச் சரிசெய்ய ஆகும் செலவில் இன்னொரு வண்டியே வாங்கிவிடலாம்.

ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். கதவின் அடி நான்கு விரல், சக்கர வளைவு, ஹெட்லைட்டைச் சுற்றி, டிக்கியின் ஓரம் எல்லாம் வைத்துப் பாருங்கள். தகட்டில் காந்தம் சுண்டி ஒட்டும். பட்டி பூசிய இடத்தில் வழுக்கி விழும். பிறகு குனிந்து, ஜாக்கி வைக்கும் இடத்தை ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டுங்கள். நல்ல தகடு 'டங்' என்று பேசும். உள்ளே துரு தின்றது 'பொத்' என்று அமுங்கும். தரை மேட்டைத் தூக்கச் சொல்லி, டிரைவர் கால் வைக்கும் இடத்தையும் பின்சீட்டுக்கு அடியையும் பாருங்கள். திருச்செந்தூர், உவரி, தூத்துக்குடி என்று கடற்கரையில் நின்ற வண்டி என்றால் இரண்டு மடங்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். உப்புக் காற்று மூடிய பெட்டிக்குள்தான் வேலை செய்யும், வெளியே தெரியாது.

நம் மாவட்டங்களுக்கே உரிய இன்னொரு சோதனை இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. தாமிரபரணிக் கரையோரத்திலும் ஷெட்டோடு மூழ்கிய வண்டிகள் உண்டு. கழுவி, பாலிஷ் போட்டால் கண்ணுக்குத் தெரியாது. கதவின் உள் அட்டையைக் கழற்றினால் தெரியும்: அடித்தட்டில் மாவு போன்ற வண்டல், நேர்க்கோடாக ஒரு நீர்த்தடம். ஹெட்லைட் கிண்ணத்திலும், டேஷ்போர்டுக்குப் பின்னால் வயர் முனைகளில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். மூழ்கிய வண்டியை விலை குறைவு என்று எடுத்தால் வயரிங் முழுதும், பின் ஆக்சில் பேரிங்குகள், பிரேக் சிலிண்டர்கள் எல்லாம் புதிதாகப் போட வேண்டியிருக்கும்.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில்தான் பார்க்க வேண்டும். சூடான எஞ்சின் பல குறையை மறைக்கும். போகும் முன்பே போனில் சொல்லிவிடுங்கள்: "அண்ணாச்சி, நாங்க வாரதுக்கு முந்தி வண்டிய ஸ்டார்ட் பண்ணிராதீய, வந்து பாத்துக்கிடுதோம்." போனதும் ரேடியேட்டர் மேல்தொட்டியில் கை வையுங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்புவதே நல்லது. ஆயில் மூடியின் உட்பக்கம் மோர்க்குழம்பு போல வெளிறிய பசை இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறது என்று சந்தேகப்படலாம். ஓடாமல் கிடந்த வண்டியிலும் கொஞ்சம் ஈரப்பசை வரும். ஆகவே டிப் ஸ்டிக்கிலும் அதே நிறமா என்று பார்த்த பிறகே ஹெட் கேஸ்கெட் மேல் பழி போடுங்கள்.

பிறகு எஞ்சினைச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்து, கேஜ் வைத்து கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) எடுங்கள். எண் எவ்வளவு என்பதைவிட நான்கும் ஒத்திருப்பது முக்கியம். ஒன்று 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அந்தச் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி எடுங்கள். ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட்.

முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் உள்ளே ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின், அதாவது முன்சக்கரம் திரும்பும் அச்சு. மாதாமாதம் கிரீஸ் அடிக்காத வண்டியில் இது கட்டாயம் தேய்ந்திருக்கும். ஸ்டியரிங்கை ஒட்டிய கியர் கம்பியின் புஷ்கள் தேய்ந்தால் ஒன்று, இரண்டு விழாமல் மக்கர் பண்ணும். அதை கியர்பாக்ஸ் கோளாறு என்று விற்பவரே நம்பிக்கொண்டிருப்பார். உங்களுக்கு அது பேரத்துக்கு நல்ல இடம்.

பேப்பரில், ஆர்.சி.யில் உள்ள சேஸி, எஞ்சின் எண்களும் வண்டியில் அடித்திருப்பவையும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். எஞ்சின் மாற்றி ஆர்.சி.யில் ஏற்றாத வண்டிகள் நிறைய. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வேறு பதிவு அலுவலக எல்லையிலிருந்து டிஎன் 72-க்கு (திருநெல்வேலிப் பதிவு) கொண்டுவந்தால் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று. ஆர்.சி. புதுப்பிப்பு 5 ஆண்டுக்கு ஒருமுறை, படிவம் 25. பசுமை வரி பாக்கி இருக்கிறதா என்றும் கேளுங்கள். முதல் பதிவாகி 50 ஆண்டு தாண்டிய வண்டியை 2021 விதிப்படி 'வின்டேஜ்' என்று விஏ வரிசையில் பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, பெட்ரோல், பராமரிப்பு போன்ற தேவைகளுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். ஞாயிறுதோறும் குற்றாலம் போக நினைப்பவர்கள் சாதாரணப் பதிவிலேயே இருங்கள்.

முதலில் நிற்க வேண்டும், பிறகுதான் ஓட வேண்டும்

வண்டி வீட்டுக்கு வந்ததும் கார்புரேட்டர், சைலன்சர் என்று கை போகும். பொறுங்கள். வாங்கிய விலை அளவுக்கு இன்னொரு தொகை ஒதுக்கி, பிரேக்கில் தொடங்குங்கள்.

நான்கும் டிரம். பழைய வண்டிகளில் ஒற்றை லைன், ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரமும் போச்சு. ஆகவே மாஸ்டர் சிலிண்டர் கிட், எல்லா வீல் சிலிண்டர்களும், ரப்பர் ஹோஸ்கள் அனைத்தும் ஒரே தடவையில் புதிதாகப் போடுங்கள். பாதி மாற்றினால், புது கிட் தரும் அழுத்தத்தில் பழைய சிலிண்டர் ஒழுகத் தொடங்கும். டிரம்மை லேத்தில் உருட்டி, புது லைனிங்கை அந்த வளைவுக்குத் தேய்த்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் வண்டி ஒருபக்கம் இழுக்கும். பிரேக் லைனில் காற்று எடுப்பது தூரத்துச் சக்கரத்திலிருந்து: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. டாட் 3 பிரேக் ஆயிலே போதும், ஆனால் திறந்து பல மாதம் கிடந்த டப்பா வேண்டாம். அது காற்றின் ஈரத்தைக் குடித்திருக்கும். செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு ஏறித் திரும்ப இறங்கும்போது சூட்டில் அந்த ஈரம் கொதித்து மிதிகட்டை தரையைத் தொடும்.

அடுத்து குளிர்ச்சி. இந்த எஞ்சினில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். சூடேறினால் முதலில் வளைவது ஹெட். நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் சட்டியில் உப்புப் படிவது போல உள்ளே படியும், அலுமினியத்தையும் அரிக்கும். ரேடியேட்டரைக் கழற்றி, மேல் கீழ் தொட்டிகளைப் பிரித்துக் குழாய்களுக்குள் கம்பி விட்டுச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். மூன்றில் ஒரு பங்கு அடைத்திருந்தால் புதுக் கோர் போட்டுவிடுவது லாபம். பிறகு ஒரு பங்கு கூலன்ட்டுக்கு இரண்டு பங்கு டிஸ்டில்டு வாட்டர். 'நம்ம ஊர் வெயிலுக்கு எதுக்கு' என்று தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிவது இங்கே பழக்கம். அது தவறு. எஞ்சின் சரியான சூட்டுக்கு வர நேரமாகி, பெட்ரோல் சரியாக எரியாமல் ஆயிலில் இறங்கி ரிங்கைத் தேய்க்கும். ஹெட்டைக் கழற்றினால் நேர்ப்பட்டை வைத்து, 0.05 மி.மீ. ஃபீலர் (அளவுத் தகடு) நுழைகிறதா என்று குறுக்கும் நெடுக்கும் பாருங்கள். நட்டை நடுவிலிருந்து ஓரத்துக்கு, மூன்று தவணையாக, டார்க் ஸ்பானர் கொண்டு கையேட்டு அளவுக்கு முறுக்க வேண்டும்.

பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால். அந்தக் காலத்து ரப்பர் இதைத் தாங்காது, ஊறி உப்பி உதிரும். டாங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லா ரப்பர் குழாயையும் எத்தனால் தாங்கும் குழாயாக மாற்றுங்கள். எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று மேலே அச்சிட்டிருக்கும். பம்ப் டயஃபிரமும் அப்படியே. எத்தனால் பழைய டாங்கின் துருவைக் கிளப்பிவிடும் என்பதால் பம்புக்கு முன் ஒரு கண்ணாடி ஃபில்டர் வையுங்கள், முதல் மூன்று டாங்க் வரை வாரம் ஒருமுறை பாருங்கள். கலவையும் மெலியும். பிளக் முனை வெள்ளையாக இருந்து, எஞ்சின் இழுக்கும்போது தயங்கினால் கார்புரேட்டரில் பெட்ரோல் விடும் மெயின் ஜெட் ஒரு படி பெரிதாகப் போட வேண்டும். சித்திரை வெயிலில் நிறுத்தி எடுத்தால் 'ஏர்லாக்' ஆகிறது என்பார்கள். குழாயில் பெட்ரோல் ஆவியாகிவிடுவதுதான் அது. குழாயை எக்சாஸ்ட்டிலிருந்து தள்ளிக் கட்டி, கார்புரேட்டருக்கு அடியில் வெப்பம் தடுக்கும் தடித்த பேக்கிங் போட்டால் பெரும்பாலும் தீரும். எலக்ட்ரிக் பம்ப் போடுவதானால் 2 முதல் 3.5 பி.எஸ்.ஐ. தருவது மட்டும். இன்ஜெக்ஷன் காரின் பம்பைப் போட்டால் ஊசி வால்வைத் தள்ளிக்கொண்டு பெட்ரோல் வழிந்து சூடான எஞ்சின் மேல் கொட்டும். தீப்பிடிக்க அது போதும்.

எஞ்சின் ஆயில் 20டபிள்யூ-50 மினரல். கியர்பாக்ஸுக்கு ஜி.எல்.-4 தரம், பின் ஆக்சிலுக்கு ஜி.எல்.-5. இரண்டுக்கும் ஒரே டப்பாவை ஊற்றினால் சில ஜி.எல்.-5 ஆயில்கள் கியர்பாக்ஸில் கியர் சுலபமாக விழ உதவும் சிங்க்ரோ வளையத்தின் பித்தளையைத் தின்றுவிடும்.

ஸ்போர்ட்ஸ் என்பது இங்கே எவ்வளவு

சாத்தான்குளம், திசையன்விளை பக்கத்துத் தேரி மணல் நைசான செம்மண். ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு வெறும் கார்புரேட்டர் வாயோடு ஓட்டினால் அந்த மணலே சிலிண்டரை அரம் போட்டுவிடும். எலக்ட்ரானிக் இக்னிஷன் நல்லது. பாயிண்ட் தேய்ந்து டைமிங் நழுவுவது நிற்கும். டேப்பட் (வால்வு இடைவெளி) பார்க்கும்போது நான்காம் சிலிண்டரின் இரு வால்வும் ஒன்று மூடி ஒன்று திறக்கும் நேரத்தில் முதலாவதைச் சரிசெய்யுங்கள், மூன்றாவதுக்கு இரண்டாவது, அதேபோல் மறுபுறமும். சிலிண்டர்கள் எரியும் வரிசை (ஃபயரிங் ஆர்டர்) 1-3-4-2.

டயர் கம்பெனி அளவு 5.20-14. ரேடியலில் 155/80 ஆர்14 கணக்குப்படி சுமார் 604 மி.மீ. உயரம், பழசுக்கு மிக நெருக்கம். 165/80 போட்டால் 620 ஆகிவிடும், ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் உரசுகிறதா என்று பார்த்தே எடுங்கள். பழைய ரிம்மில் டயரின் ஓரத்தைப் பிடிக்கும் மேடு இராது, ஆகவே ட்யூப் போட்டே ஓட்டுங்கள். ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்துவது இங்கே உதவாது. ஒவ்வொரு ஊர் முனையிலும் வேகத்தடை நிற்கிறது. நல்ல ஷாக் அப்சார்பரும் புதுப் புஷ்களும் போட்டாலே வளைவில் வண்டி ஒட்டிப் போகும். ஹெட்லைட்டுக்கு ரிலே வைத்தால் பழைய சுவிட்ச் உருகாது. சீட் பெல்ட் போல்ட்டுக்கு அடித்தகட்டின் கீழே 3 மி.மீ. பட்டை வைத்து இறுக்குங்கள். எஞ்சின் மாற்றுவது மட்டும் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும்.

எல்லாம் முடிந்ததும் முதல் நீண்ட ஓட்டத்தை வள்ளியூர் வழியாக முப்பந்தலுக்கு வையுங்கள். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று குறுக்கே அடிக்கும்போது ஸ்டியரிங் பாக்ஸில் மிச்சமிருக்கும் தளர்ச்சி கைக்கு அப்படியே தெரியும். திரும்பி வந்து, எஞ்சின் இரவு முழுக்க ஆறிய பிறகு, ஹெட் நட்டுகளை அதே வரிசையில் ஒருமுறை சரிபார்த்து, டேப்பட்டைப் புதிதாக வையுங்கள். 500 கி.மீ. ஆனதும் ஆயிலை மாற்றி, வடித்த ஆயிலில் காந்தத்தை விட்டுத் துழாவி, இரும்புத் துகள் ஒட்டுகிறதா என்று பாருங்கள்.