அந்துப்பூச்சியையும் பைப்பாலூட்டியையும் ஒப்பிடுவது எப்படி?

ஆறு கால், நாலு கால், எலும்பு இல்லை, எலும்பு உண்டு, முட்டை, குட்டி. என்னிடம் திருத்த வரும் ஒப்பீட்டு அட்டவணைகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன. ஒன்றும் தப்பில்லை, ஆனால் படித்து முடித்தாலும் இரண்டு பிராணிகளும் எப்படிப் பிழைக்கின்றன என்று தெரியாது.

முதலில், பொதுப்பெயரை விட்டுவிடுங்கள். அந்துப்பூச்சிகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. எதைச் சொன்னாலும் விதிவிலக்கு வந்து நிற்கும். இரு வகையிலும் ஒவ்வோர் இனத்தை, முடிந்தால் ஒரே இடத்தில் வாழ்பவையாக எடுங்கள். நான் எடுப்பது ஆஸ்திரேலிய ஆல்ப்ஸ் மலையின் போகாங் அந்துப்பூச்சியும், அங்கேயே வாழும், குட்டியை வயிற்றுப் பையில் வளர்க்கும் பைப்பாலூட்டியான மலைப் பிக்மி பாஸமும். இந்தப் பாஸம் சுமார் 45 கிராம்தான், கங்காருவின் சொந்தம் என்றால் நம்புவது கஷ்டம். வெறும் புதைபடிவமாகவே அறியப்பட்டிருந்தது, 1966-இல் ஒரு பனிச்சறுக்கு விடுதியில் உயிரோடு கிடைத்தது!

அப்புறம், இரண்டிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள். மோசமான பருவத்தை எப்படிக் கடக்கிறாய்?

பூச்சிக்குக் கோடைதான் எதிரி. சமவெளியிலிருந்து 1,000 கிலோமீட்டர் வரை இரவில் பறந்து மலைக்குகைகளுக்கு வருகிறது. அங்கே ஓடு வேய்ந்தது போல ஒன்றன்மேல் ஒன்று படிந்து, ஒரு சதுர மீட்டர் பாறையில் சுமார் 17,000 பூச்சிகள் அசையாமல் ஒட்டியிருக்கும். பாஸத்துக்கு எதிரி குளிர்காலம். பனிக்கு அடியில், பாறை இடுக்கில், ஏழு மாதம் வரை உறங்குகிறது. ஆக, இரண்டும் செய்வது ஒன்றே: கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு ஒடுங்கிக் கிடப்பது. கால்களை எண்ணிக்கொண்டிருந்தால் இது கண்ணில் படவே படாது.

குட்டி வளர்ப்பில் நேரெதிர். பூச்சி முட்டையிட்டதோடு சரி. பாஸத்தின் பையில் நாலு முலைக்காம்புகள். அதற்குமேல் பிறந்த குட்டிகள் பிழைக்காது.

கடைசியாக ஒரு வரி கட்டாயம் சேருங்கள்: ஒன்றால் மற்றதற்கு என்ன ஆகிறது? வசந்தத்தில் எழும் பாஸத்துக்குக் கொழுப்பு மிகுந்த முக்கிய உணவே இந்தப் பூச்சிதான். 2017-இல் சமவெளியில் வறட்சி வந்து பூச்சிகளின் வரத்து சரிந்தது. மலையில் பட்டினி கிடந்த தாய்ப் பாஸங்களின் பையிலேயே குட்டிகள் இறந்தன.