தோற்கும் அணியை விடாமல் நேசிப்பது எப்படி?

1992 மார்ச் 8, பிரிஸ்பேன், உலகக் கோப்பைக் கிரிக்கெட். பாகிஸ்தானின் இன்சமாம் உல் ஹக் ஓர் ஓட்டத்துக்குக் கிளம்பிப் பாதி வழியில் திரும்புகிறார். பந்தைக் கையில் எடுத்த தென்னாப்பிரிக்காவின் ஜான்டி ரோட்ஸ் அதை எறியவில்லை. பந்தோடு ஓடிவந்து ஸ்டம்புகள் மீதே பாய்ந்துவிட்டார். மூன்று ஸ்டம்புகளும் சரிந்தன. எனக்கு அப்போது 11 வயது. தென்னாப்பிரிக்கா வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்பதைத் தவிர அந்த நாட்டைப் பற்றி வேறொன்றும் தெரியாது. அன்றிலிருந்து அதுதான் என் அணி.

இரண்டே வாரத்தில் முதல் அடி விழுந்தது. அதன் பிறகு 33 ஆண்டுகளில் எத்தனை அடிகள் என்பது கிரிக்கெட் பார்க்கும் எல்லோருக்கும் தெரியும். அந்த ஆண்டுகளில் கற்றுக்கொண்டதை, இப்போதுதான் ஓர் அணியிடம் மனத்தைப் பறிகொடுத்திருக்கும் உங்களுக்காக எழுதுகிறேன். உங்கள் விளையாட்டு வேறாக இருக்கலாம். வலி ஒன்றுதான்.

“உனக்கும் அந்த அணிக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்பார்கள். பதில் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். ஒருவர் ஸ்டம்புகள் மீது பாய்ந்ததைப் பார்த்தேன் என்பதற்கு மேல் என்னிடமும் பதில் இல்லை.

கையில் பென்சிலோடு பாருங்கள்

முதல் வேலை, ஒரு நீளமான நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். ஒவ்வொரு பந்தையும் எழுதுங்கள். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவன் அண்ணன். ஓவருக்கு ஒரு கட்டம். ஓட்டம் இல்லாத பந்துக்கு ஒரு புள்ளி. ஓர் ஓவர் முழுவதும் ஓட்டமே இல்லையென்றால் ஆறு புள்ளிகளையும் கோடிழுத்து இணைத்து ‘எம்’ என்ற எழுத்தாக்க வேண்டும். அதுதான் மெய்டன் ஓவர். அந்தக் கோட்டை இழுக்கும் உரிமைக்காக நானும் அவனும் சண்டை போட்டிருக்கிறோம்.

எழுதுவதால் என்ன பயன் என்று கேட்பீர்கள். ஆட்டம் கைவிட்டுப் போகும்போது மனம் பதறும். பதறும் மனம் அடுத்த பத்து நிமிடங்களில் நடந்ததையெல்லாம் தவறாகவே நினைவில் வைத்துக்கொள்ளும். எல்லாம் விதி, எல்லாம் சாபம் என்று தோன்றும். பென்சில் பிடித்த கைக்கு அந்த வசதி கிடையாது. நடந்தது எதுவோ அதை மட்டுமே அது எழுதியாக வேண்டும். எங்கே தோற்றோம் என்று விரலை வைத்துக் காட்ட முடிகிற தோல்வியைத் தாங்கிக்கொள்ளலாம். காரணம் புரியாத தோல்விதான் ஆளை அரிக்கும்.

கைபேசியில் ஸ்கோர் தானாக ஓடுகிறதே என்பார்கள். ஓடட்டும். அது உங்கள் கையெழுத்து ஆகாது.

விதிகளை முன்னதாகவே படித்துவிடுங்கள்

இதைப் பெரும்பாலான ரசிகர்கள் செய்வதில்லை. நட்சத்திர வீரரின் உயரம், எடை எல்லாம் தெரியும். ஆட்டம் சமனில் முடிந்தால் யார் அடுத்த சுற்றுக்குப் போவார்கள் என்பது தெரியாது. முக்கியமான ஆட்டத்துக்கு முந்தைய நாளே மூன்று கேள்விகளுக்கு விடை தேடி, பக்கத்தின் மேல் ஓரத்தில் எழுதிவையுங்கள்: மழை வந்தால் என்ன? சமனில் முடிந்தால் என்ன? புள்ளிகள் சமமானால் என்ன?

நான் இதைக் கற்ற விதம் கொடியது. 1992 மார்ச் 22, சிட்னி, இங்கிலாந்துக்கு எதிரான அரையிறுதி. எங்களுக்கு 13 பந்துகளில் 22 ஓட்டங்கள் தேவை. கடினம்தான், ஆனால் முடியாததில்லை. மழை வந்தது. 12 நிமிடம்தான். திரும்பி வந்தபோது மைதானத்தின் திரையில் ஒரே பந்தில் 22 ஓட்டங்கள் தேவை என்று காட்டினார்கள். அன்றைய விதிப்படி, மழையால் இழந்த ஓவர்களுக்கு ஈடாக, முதலில் ஆடிய அணி மிகக் குறைவாக ஓட்டம் எடுத்த ஓவர்களின் ஓட்டங்களை மட்டும் இலக்கிலிருந்து கழிப்பார்கள். அந்த 2 ஓவர்கள் எவை தெரியுமா? நாங்கள் ஆசை ஆசையாகக் கோடிழுத்து ‘எம்’ போட்டவை. நன்றாகப் பந்து வீசியதே எங்களுக்கு எதிராகத் திரும்பியது. இலக்கு ஏறக்குறைய அப்படியே இருந்தது, பந்துகள்தான் போய்விட்டன.

அந்த அநியாயத்தை உலகமே பார்த்ததன் விளைவுகளில் ஒன்று, ஃபிராங்க் டக்வொர்த்தும் டோனி லூயிஸும் உருவாக்கிய புதிய கணக்கு முறை. மிச்சமுள்ள ஓவர், கைவசமுள்ள விக்கெட் இரண்டையும் சேர்த்து எடைபோடும் முறை அது. நியாயமான முறை. ஆனால் நியாயமான விதியையும் சரியாகப் படிக்க வேண்டும். 2003 மார்ச் 3, டர்பன். இலங்கைக்கு எதிராக மழை வரும்போலிருக்கிறது. 45ஆவது ஓவர் முடியும்போது 229 எடுத்திருந்தால் போதும் என்ற தகவல் களத்தில் நின்ற மார்க் பவுச்சருக்குப் போயிருக்கிறது. அவர் முரளிதரனை சிக்ஸருக்கு அடித்து 229ஐத் தொட்டார். கடைசிப் பந்தைப் பத்திரமாகத் தடுத்தார். மழை கொட்டியது. 229 என்பது சமன் செய்வதற்கான எண். வெல்ல 230 வேண்டும். சொந்த மண்ணில் நடந்த உலகக் கோப்பையிலிருந்து என் அணி முதல் சுற்றோடு வெளியேறியது.

அந்தப் பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் ஒரே ஒரு புள்ளி இருக்கிறது. பவுச்சர் தடுத்த பந்து. என் நோட்டுகளிலேயே நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்த புள்ளி அதுதான்.

இரண்டுக்கும் நடுவே 1999 ஜூன் 17, எட்ஜ்பாஸ்டன், உலகக் கோப்பை அரையிறுதி. ஆஸ்திரேலியா 213. கடைசி ஓவரில் எங்களுக்கு 9 ஓட்டங்கள் தேவை, ஒரே விக்கெட் மிச்சம். லான்ஸ் குளூஸ்னர் முதல் இரண்டு பந்துகளையும் பவுண்டரிக்கு விரட்டினார். ஸ்கோர் சமம். 4 பந்துகளில் 1 ஓட்டம். மூன்றாவது பந்தில் ஆலன் டொனால்ட் ரன் அவுட்டிலிருந்து மயிரிழையில் தப்பினார். நான்காவது பந்தில் குளூஸ்னர் ஓடினார், டொனால்ட் ஓடவில்லை, ஓடத் தொடங்கியபோது மட்டை கையில் இல்லை. சமன். சூப்பர் சிக்ஸ் என்ற முந்தைய சுற்றின் பட்டியலில் நிகர ரன் விகிதத்தில் ஆஸ்திரேலியா மேலே இருந்ததால் இறுதிப் போட்டிக்கு அவர்கள் போனார்கள்.

என் பக்கத்தில் அந்த ஓவர்: 4, 4, புள்ளி. அதன் பிறகு வெற்றிடம். நான் பென்சிலை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். அண்ணன் கூப்பிட்டான். “வந்து எழுதி முடி. பாதியில் விட்ட பக்கம் உன்னைத் தூங்க விடாது.” அவன் ஆஸ்திரேலியாவின் ரசிகன். அன்றிரவு அவன் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக என் எதிரே உட்கார்ந்து, நான் ‘ரன் அவுட்’ என்று எழுதி அடிக்கோடு போடும் வரை நோட்டை நகராமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

அப்படி ஒருவரைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள். எதிரணி ரசிகராக இருந்தாலும் பரவாயில்லை. உங்கள் அணியின் ரசிகர்கள் பத்துப் பேரோடு சேர்ந்து புலம்புவதைவிட அது நல்லது.

நம்பிக்கையை எண்ணிப் பாருங்கள்

நம்பாதே, எதிர்பார்க்காதே என்று அறிவுரை சொல்பவர்களை நான் மதிப்பதில்லை. எதிர்பார்ப்பு இல்லாமல் ஆட்டம் பார்ப்பது, பசியில்லாமல் சாப்பிட உட்காருவது. நம்புங்கள், ஆனால் எண்ணிவிட்டு நம்புங்கள். தேவைப்படும் ஓட்டத்தையும் மிச்சமுள்ள பந்தையும் எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் இன்னொன்றையும் பாருங்கள்: எதிரணியின் தலைசிறந்த பந்துவீச்சாளருக்கு இன்னும் எத்தனை ஓவர் இருக்கிறது?

2024 ஜூன் 29, பிரிட்ஜ்டவுன், டி20 உலகக் கோப்பை இறுதிப் போட்டி. இந்தியாவின் 176ஐத் துரத்துகிறோம். ஹென்ரிக் கிளாசன் அடித்த அடியில் 15ஆவது ஓவரில் மட்டும் 24 ஓட்டங்கள். 30 பந்துகளில் 30 ஓட்டங்கள் தேவை, கையில் 6 விக்கெட். நான் அழத் தொடங்கிவிட்டேன், சந்தோஷத்தில். பும்ராவுக்கு இன்னும் 2 ஓவர் மிச்சம் இருப்பதை எண்ண மறந்துவிட்டேன்.

அடுத்த நான்கு ஓவர்களை என் நோட்டிலிருந்து அப்படியே தருகிறேன்: 4, 4, 2, 4. முதலாவதும் மூன்றாவதும் பும்ரா வீசியவை. இரண்டாவது ஓவரின் முதல் பந்திலேயே ஹர்திக் பாண்டியா கிளாசனை வெளியேற்றிவிட்டார். 30 பந்தில் 30 என்பது 6 பந்தில் 16 ஆகியிருந்தது. கடைசி ஓவரின் முதல் பந்தை டேவிட் மில்லர் தூக்கி அடித்தார். எல்லைக்கோட்டருகே சூர்யகுமார் யாதவ் பிடித்தார். கோட்டைத் தாண்டுவதற்குள் பந்தை மேலே எறிந்துவிட்டு வெளியே போய், மறுபடி உள்ளே வந்து பிடித்தார். 7 ஓட்டங்களில் தோற்றோம். என்னைச் சுற்றிலும் எல்லோரும் கொண்டாடினார்கள்.

அன்று பும்ராவின் ஓவர்களை எண்ணியிருந்தால் தோல்வி மாறியிருக்காது. ஆனால் 15ஆவது ஓவரிலேயே கோப்பையைக் கையில் வாங்கிவிட்ட மனநிலைக்கு நான் போயிருக்க மாட்டேன். அந்த உயரத்திலிருந்து விழுந்ததுதான் வலித்தது.

ஆட்டத்தின் மீது பணம் வைக்காதீர்கள். இதில் விளக்கம் சொல்ல ஒன்றுமில்லை.

தோற்ற இரவில்

பக்கத்தை எழுதி முடியுங்கள். தொலைக்காட்சியை அணைத்துவிடுங்கள். அன்றிரவு எந்த வீரரின் சமூக ஊடகப் பக்கத்திலும் ஒரு வார்த்தைகூட எழுதாதீர்கள், ஆறுதல் வார்த்தையாக இருந்தாலும். உங்களுக்கு முன்பே ஆயிரம் பேர் அங்கே வசைபாடிக்கொண்டிருப்பார்கள். அந்தக் கூட்டத்தில் உங்கள் குரலும் இருக்க வேண்டாம். டொனால்டையும் பவுச்சரையும் மில்லரையும் பழித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவராவது அந்த இடத்தில் அந்தப் பந்தை எதிர்கொண்டிருப்பாரா?

இன்னொரு பழக்கம். ‘நாம்’ என்ற சொல்லைக் கைவிடாதீர்கள். உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் அவருடைய சகாக்களும் 1976இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழக அணி வென்ற மறுவாரம் மாணவர்கள் அதன் பெயர் பொறித்த ஆடைகளை அதிகமாக அணிந்து வந்தார்கள். வெற்றியைப் பேசும்போது ‘நாம்’ என்று சொன்னவர்கள், தோல்வியைப் பேசும்போது ‘அவர்கள்’ என்று விலகிக்கொண்டார்கள். உங்களையே கவனித்துப் பாருங்கள், வாய் தானாக அப்படித்தான் திரும்பும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ‘தோற்றோம்’ என்றே எழுதுகிறேன்.

மறுஒளிபரப்பை மூன்று நாள் கழித்துப் பாருங்கள். அப்போதுதான் முதல் நாள் கண்ணில் படாதவை தெரியும். 2015 மார்ச் 24, ஆக்லாந்து, உலகக் கோப்பை அரையிறுதி. 2 பந்தில் 5 தேவை என்றபோது டேல் ஸ்டெய்னை நியூசிலாந்தின் கிராண்ட் எலியட் சிக்ஸருக்கு அடித்தார். அந்த எலியட் பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில் என்பது வேறு கொடுமை. அன்று நான் பார்த்தது அந்தச் சிக்ஸரை மட்டும். மூன்று நாள் கழித்துப் பார்த்தபோதுதான், தரையில் கிடந்த ஸ்டெய்னை நோக்கி எலியட் கை நீட்டியதைப் பார்த்தேன். அந்தக் கையை நான் இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

வெல்லும் நாளில்

அது வரும். 1998இல் டாக்காவில் ஐசிசி எனும் சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் ஒரு கோப்பையை வென்றோம். அடுத்ததற்கு 27 ஆண்டுகள் ஆயின. வரும் நாளில் செய்ய வேண்டியதும் இதே வேலைதான்.

2025 ஜூன் 14, லார்ட்ஸ், உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியின் நான்காம் நாள். ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 282 இலக்கு. காலையில் 2 விக்கெட்டுக்கு 213. இன்னும் 69. எய்டன் மார்க்ரம் சதம் அடித்து நிற்கிறார்; எதிர்முனையில் தொடைத் தசை இழுத்துக்கொண்ட காலோடு கேப்டன் டெம்பா பவுமா. மேல் ஓரத்தில் விதிகளை எழுதினேன். அவர்களுடைய பந்துவீச்சாளர்கள் கம்மின்ஸ், ஸ்டார்க், ஹேசல்வுட் மூவருக்கும் தனித்தனிக் கட்டம் போட்டேன். பவுமா 66இல் போனார். ஸ்டப்ஸ் போனார். வெற்றிக்கு 6 ஓட்டங்கள் மட்டுமே இருந்தபோது 136 எடுத்திருந்த மார்க்ரமும் போனார். ஆஸ்திரேலியர்களே வந்து அவர் முதுகில் தட்டினார்கள். எனக்குக் கை நடுங்கியது. 6 ஓட்டங்களில் என்னவெல்லாம் நடக்கும் என்று என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

தொலைபேசி அடித்தது. அண்ணன். அவனுடைய அணி தோற்றுக்கொண்டிருந்தது.

“எழுதுகிறாயா?” என்றான்.

“எழுதுகிறேன்.”

“சரி, வைக்காதே. நானும் இங்கேயே இருக்கிறேன்.”

கைல் வெரைன் வெற்றி ஓட்டத்தை அடித்தார். அந்தக் கட்டத்தை நிரப்பி, ‘5 விக்கெட் வித்தியாசத்தில் வென்றோம்’ என்று எழுதி, அடிக்கோடு போட்டேன். அவன் இன்னும் இணைப்பில் இருந்தான். நோட்டை முன்பக்கமாகப் புரட்டி, 1999இன் பக்கத்தை எடுத்து, 4, 4, புள்ளி, ரன் அவுட் என்று அவனுக்கு வாசித்துக் காட்டினேன்.