வெளிநாட்டுப் பார்சல் சுங்கத்தில் நின்றுவிட்டால் செய்ய வேண்டியவை

பாளையங்கோட்டையிலோ அம்பாசமுத்திரத்திலோ இருந்துகொண்டு வெளிநாட்டு இணையக் கடையில் பொருள் வாங்குவோருக்கு, பார்சலின் நிலையைக் காட்டும் பக்கத்தில் ‘சுங்கத்துறையால் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது’ என்ற வரி தென்பட்டதும் போட்ட பணம் போயிற்று என்ற எண்ணமே முதலில் வருகிறது. பலர் அத்தோடு கைவிட்டுவிடுகிறார்கள். பெரும்பாலான இழப்பு அங்கேதான் நேர்கிறது. 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டப்படி ஒரு பொருளைக் கைப்பற்றுவதும் (விசாரணைக்காகத் தம் பொறுப்பில் எடுத்து வைப்பது) அதைப் பறிமுதல் செய்வதும் (அரசுக்கே உரியதாக்கிக்கொள்வது) வெவ்வேறு நடவடிக்கைகள். விளக்கம் கேட்டு நிறுத்தி வைத்திருப்பது அவ்விரண்டுக்கும் முந்தைய நிலை. எந்தக் கட்டத்தில் பார்சல் நிற்கிறது என்று அறிந்து, அதற்குரிய ஆவணத்தை உரிய நாளுக்குள் கொடுத்தால், தடை செய்யப்படாத பொருளைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

முதலில் பார்சல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தூத்துக்குடியில் சுங்க அலுவலகம் இருப்பதால் அங்கே நேரில் போய்க் கேட்கலாம் என்று நம் பகுதியில் பலரும் நினைக்கிறார்கள். விமானத்தில் வரும் சிறு பார்சல் அந்த அலுவலகத்தின் கையில் இருப்பதில்லை என்பதால் அந்த அலைச்சலால் பயனில்லை. அஞ்சல் வழியாக வருவதைச் சென்னை போன்ற நகரங்களில் உள்ள வெளிநாட்டு அஞ்சலகத்திலும், கூரியர் வழியாக வருவதைச் சென்னை, பெங்களூரு, மும்பை, டெல்லி போன்ற விமான நிலையங்களின் கூரியர் முனையங்களிலும் சோதிக்கிறார்கள். பார்சல் எண் இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து என 13 இடங்களில் அமைந்திருந்தால் அது அஞ்சல் பார்சல். அதே எண்ணை இந்திய அஞ்சல் துறையின் இணையதளத்தில் இட்டுப் பார்க்கலாம். கூரியராக இருந்தால் அந்த நிறுவனமே உங்கள் சார்பில் சுங்கத்துறையிடம் ஆவணம் தாக்கல் செய்கிறது. ஆகவே உள்ளூர் விநியோகக் கிளையை விட்டுவிட்டு, அந்நிறுவனத்தின் சுங்க அனுமதிப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்.

கூரியர் பார்சல்கள் நிற்பதற்கு மிகச் சாதாரணமான ஒரு காரணம் பெயர்ப் பொருத்தமின்மை. நம் பக்கத்தில் இனிஷியல் வைத்து எழுதுவதே வழக்கம். ஆர்டரில் ‘எஸ். முத்துக்குமார்’ என்று இருக்கும். ஆதாரிலோ பான் அட்டையிலோ தந்தை பெயர் விரிந்து ‘முத்துக்குமார் சுடலைமுத்து’ என்று இருக்கும். வாங்குபவரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் (கே.ஒய்.சி.) இடத்தில் இவை இருவேறு நபர்களாகத் தெரிவதால் ஆவணம் திரும்பிவிடும். ஆர்டர் போடும்போதே அடையாள அட்டையில் உள்ளபடி பெயரை எழுதுவது நல்லது. எழுதத் தவறியிருந்தால், இரண்டு வடிவங்களையும் குறிப்பிட்டு இருவரும் ஒருவரே என்று கையொப்பமிட்ட கடிதத்தையும், முகவரிக்குச் சான்று ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள். சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்குவோருக்கு இறக்குமதியாளர் குறியீட்டு எண் தேவையில்லை. ஆனால் ஒரே பொருளை இருபது முப்பது என்று வரவழைத்தால் அதை வணிகச் சரக்காகவே பார்ப்பார்கள்.

அடுத்தது விலை. வரி குறையட்டும் என்று சில விற்பனையாளர்கள் ஐயாயிரம் ரூபாய்ப் பொருளின் மேல் ‘அன்பளிப்பு, ஐந்து டாலர்’ என்று எழுதி அனுப்புகிறார்கள். அது உதவி போலத் தோன்றினாலும் தீங்கையே செய்கிறது. அன்பளிப்பு என்ற பெயரில் வரிவிலக்குக் கேட்டு அஞ்சலிலோ கூரியரிலோ பொருள் வரவழைப்பதை, உயிர்காக்கும் மருந்தும் ராக்கியும் தவிர, வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம் 2019 டிசம்பர் 12 அன்றே தடை செய்துவிட்டது. முழு வரி செலுத்தினால் அன்பளிப்பும் வரலாம். வளைகுடாவில் இருக்கும் உறவினர் அனுப்பும் பார்சலுக்கும் இதே விதிதான் என்பதை மேலப்பாளையம், ஏர்வாடிக் குடும்பங்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். எழுதப்பட்ட விலையில் அதிகாரிக்கு ஐயம் வந்தால் ஆதாரம் கேட்பார். அப்போது ஆர்டர் உறுதிப்படுத்தல், பணம் கழிந்ததைக் காட்டும் வங்கி அறிக்கையின் அந்த வரி, பொருளின் விலை தெரியும் இணையப் பக்கத்தின் படம் ஆகிய மூன்றையும் ஒரே கோப்பாக்கி அனுப்புங்கள். வரி என்பது பொருள் விலையோடு அனுப்பும் செலவும் காப்பீடும் சேர்த்துக் கணக்கிடப்படுகிறது. சுங்கவரிக்கு மேல் ஐ.ஜி.எஸ்.டி. எனும் ஒருங்கிணைந்த சரக்கு, சேவை வரியும் உண்டு. விகிதங்கள் பட்ஜெட்டில் மாறக்கூடியவை என்பதால், வாங்கும் நாளில் நடப்பிலுள்ள விகிதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் பொருளே கூடாததாக இருந்தால் காகிதம் காப்பாற்றாது. நம் வட்டாரத்தில் அடிக்கடி ஆர்டர் செய்யப்படக்கூடிய நான்கைந்தை மட்டும் சொல்கிறேன். திருமணப் படப்பிடிப்புக்கு டிரோன் வாங்க நினைக்கும் புகைப்படக் கலைஞர்கள், முழுமையாகவோ பிரித்த நிலையிலோ வரும் வெளிநாட்டு டிரோன்களின் இறக்குமதி 2022 பிப்ரவரி 9 முதல் தடை செய்யப்பட்டுள்ளது என்பதை அறிய வேண்டும். ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற நோக்கங்களுக்கு மட்டுமே விலக்கு உண்டு. மாஞ்சோலை, களக்காடு மலையடிவாரங்களில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காததால் சிக்னல் பூஸ்டர் தேடுபவர்களின் அவதி புரிகிறது; ஆயினும் உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனங்களைத் தவிர வேறு யாரும் அதை வைத்திருப்பதே சட்டவிரோதம் என்று தொலைத்தொடர்புத் துறை 2022இல் தெளிவாக அறிவித்திருக்கிறது. மின்சிகரெட்டுக்கு 2019ஆம் ஆண்டின் சட்டப்படி முழுத் தடை.

விதைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மாடித்தோட்டம் வைத்திருப்போரும் வாழை, காய்கறி விவசாயிகளும் ஒரு சிறு பாக்கெட்தானே என்று எண்ணி வெளிநாட்டு விதைகளை வரவழைக்கிறார்கள். விதை, கிழங்கு, செடி எதுவாயினும் 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைக்கு உட்பட்டது. இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டு அரசு அளிக்கும் தாவரநலச் சான்றிதழும் இல்லாமல் வரும் பாக்கெட் அழிக்கப்படலாம். ஒரு பாக்கெட்டில் ஒட்டிவரும் பூச்சியோ பூஞ்சையோ களக்காட்டு வாழைத் தோட்டங்களுக்குப் பரவினால் என்னவாகும் என்பதை நினைத்தால் இந்த விதி கடுமையானது என்று சொல்ல மனம் வராது. மருந்து என்றால், சொந்தப் பயன்பாட்டுக்கு மருத்துவரின் சீட்டோடு 12ஏ படிவத்தில் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு விண்ணப்பித்து, 12பி அனுமதி பெற்ற பிறகே ஆர்டர் செய்ய வேண்டும். பார்சல் கிளம்பிய பின் விண்ணப்பிப்பவர்கள், அனுமதி வரும் வரை கிடங்கில் தேங்கும் நாட்களுக்குக் கட்டணமும் கட்ட நேரிடுகிறது.

பவர்பேங்க், வாசனைத் திரவியம் போன்றவை சுங்கத்தை எட்டாமலே நின்றுவிடுவதுண்டு. தனி லித்தியம் பேட்டரியையும் எளிதில் தீப்பற்றும் திரவத்தையும் பன்னாட்டு விமான அஞ்சல் ஏற்பதில்லை. இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் விற்பனையாளரே.

சுங்கத்துறை பொருளைக் கைப்பற்றிவிட்டால் நாட்களை எண்ணத் தொடங்குங்கள். பறிமுதல் செய்வதற்கு முன் காரணம் கேட்கும் அறிவிப்பைக் கொடுத்து, உங்கள் விளக்கத்தைக் கேட்க வேண்டும் என்று சட்டத்தின் 124ஆம் பிரிவு சொல்கிறது. கைப்பற்றிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் அந்த அறிவிப்பு வராவிட்டால் பொருளைத் திருப்பித் தர வேண்டும். காரணத்தை எழுத்தில் பதிவுசெய்து ஆணையர் மேலும் ஆறு மாதம் நீட்டிக்கலாம். பதில் கடிதத்தில் என்ன வாங்கினீர்கள், எதற்காக, எவ்வளவு விலைக்கு என்பதை மட்டும் எழுதி, நேரில் விளக்க வாய்ப்பு வேண்டும் என்றும் கேளுங்கள். பறிமுதல் ஆணை வந்தாலும், தடை செய்யப்படாத பொருளாயின் மீட்பு அபராதம் கட்டிப் பெறும் வாய்ப்பை 125ஆம் பிரிவின்படி அதிகாரி கொடுத்தே ஆக வேண்டும். தடைப் பொருளாயின் அது அவருடைய விருப்பத்துக்கு உட்பட்டது. அந்த அபராதத்தை 120 நாட்களுக்குள் கட்ட வேண்டும். ஆணை தவறு என்று கருதினால், அது கையில் கிடைத்த 60 நாட்களுக்குள் மேல்முறையீட்டு ஆணையரிடம் முறையிடலாம். மேல்முறையீட்டுக்கு ஆகும் செலவைவிடப் பொருளின் மதிப்பு குறைவாக இருக்கும்போது மேல்முறையீடு செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் காரணம் கேட்கும் அறிவிப்புக்குப் பதில் அனுப்பாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். வெறுமனே நின்றிருக்கும் சரக்கை 30 நாட்களுக்குள் எடுக்காவிட்டால் அதை விற்றுவிடவும் சட்டம் இடம் தருகிறது.

இந்தக் காத்திருப்பு நாட்களில்தான் மோசடிக்காரர்கள் நுழைகிறார்கள். ‘உங்கள் பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது’ என்று காணொளி அழைப்பில் மிரட்டுபவரும், முகவரியைத் திருத்த இருபத்தைந்து ரூபாய் கட்டுங்கள் என்று இணைப்பு அனுப்புபவரும் சுங்கத்துறையினரோ அஞ்சல் துறையினரோ அல்லர். சுங்கத்துறை தனிநபர் வங்கிக் கணக்கில் பணம் கட்டச் சொல்வதில்லை. அஞ்சல் பார்சலுக்கான வரியைப் பெரும்பாலும் பார்சலைக் கொடுக்கும்போதே வசூலிக்கிறார்கள். கடிதம் வந்தால் அதில் ஆவண அடையாள எண் இருக்கிறதா என்று பார்த்து, மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியத்தின் இணையதளத்தில் சரிபாருங்கள். பணம் போய்விட்டால் நேரம் கடத்தாமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

பொருள் கிடைக்காதென்று உறுதியானால், கூரியர் நிறுவனத்திடமோ அஞ்சலகத்திடமோ அதை எழுத்தில் வாங்கி, இணையக் கடையின் புகார்க் காலம் முடிவதற்குள் பதிவுசெய்யுங்கள். சட்டப்படி வாங்கத்தக்க பொருளை விற்பனையாளர் தவறாக விவரித்து அனுப்பியதால் சிக்கியிருந்தால், அந்தக் காகிதத்தோடு உங்கள் கார்டு வங்கியிடம் தொகையை எதிர்த்து மனுக் கொடுக்கலாம்.